நிர்யாத் பந்து: ஏற்றுமதி கற்றுக்கொள்ள அரசு என்ன தருகிறது, என்ன தரவில்லை

ஒரு ஆர்டர்கூட கையில் இல்லாமல், ஏற்றுமதிப் பயிற்சிக்கு மட்டும் இருபதாயிரம், முப்பதாயிரம் கட்டிவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சனி, ஞாயிறு ஓட்டல் ஹாலில் வகுப்பு. ஒரு பை, ஒரு சான்றிதழ், ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நல்ல வகுப்புகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே சொல்லித்தரும் முதல் பாதியை மத்திய அரசின் அதிகாரி ஒருவரே உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று ஒரு திட்டம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

திட்டத்தின் பெயர் நிர்யாத் பந்து. இந்திப் பெயர்தான், தமிழில் சொன்னால் ஏற்றுமதித் தோழன். வெளிநாட்டு வணிகத்துக்கான தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., 2011 அக்டோபரில் இதை அறிவித்தது. புதிதாக ஏற்றுமதியிலோ இறக்குமதியிலோ இறங்குகிறவரை ஒரு அதிகாரி கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டும் என்பதுதான் யோசனை. எந்தப் பொருளுக்கு என்ன அனுமதி வேண்டும், எந்தப் படிவம் எங்கே, சட்டப்படி எப்படிச் செய்வது என்பதை அவர் சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்த வெளிநாட்டு வணிகக் கொள்கைகளிலும் திட்டம் தொடர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கொள்கையிலும் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இயக்குநரகத்துக்குச் சென்னை, கோவை, மதுரை ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உண்டு. சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவன் வளாகத்தில். நேரில் போய் ஆலோசனை கேட்பது ஒரு வழி. மற்றது, ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில்களோடும் (பொருள்வாரியாக ஏற்றுமதியாளர்களுக்கு இருக்கும் அமைப்புகள்) தொழில் சங்கங்களோடும் சேர்ந்து இந்த அலுவலகங்கள் நடத்தும் கூட்டங்களில் கலந்துகொள்வது. கூட்டங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. சிலவற்றில் பாதி நேரம் பொன்னாடையிலேயே போய்விடும். தனியாகப் போய்க் கேட்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிர்யாத் பந்துவில் பணம் கிடைக்காது. மானியம் இல்லை, கடன் இல்லை. வாங்குபவரைத் தேடித் தருவதும் இதன் வேலை இல்லை. கிடைப்பது வழிகாட்டலும் பயிற்சியும் மட்டுமே. "நிர்யாத் பந்து மூலம் ஐம்பது லட்சம் கடன்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

முதல் படி: ஐநூறு ரூபாய்

அதிகாரியைப் பார்க்கும் முன் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வாங்கிவிடலாம். எல்லோரும் ஐ.இ.சி. என்றே சொல்கிறோம். டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பான் எண், முகவரிச் சான்று, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரத்து செய்யப்பட்ட காசோலை, மின்கையெழுத்துக்கு ஆதார் அல்லது டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் போதும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாகிவிட்டது; ஒரு பானுக்கு ஒரு ஐ.இ.சி.தான். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளம். அங்கே இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பார்கள். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எண் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் 2021 முதல் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் டி.ஜி.எஃப்.டி. தளத்துக்குள் போய், விவரங்கள் மாறவில்லை என்றாலும், "சரிதான்" என்று உறுதிப்படுத்த வேண்டும். அந்த மூன்று மாதங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. மறந்தால் எண் முடக்கப்படும். அதை மீட்டுவிடலாம் என்றாலும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது எண் முடங்கிக் கிடப்பது தெரியவந்தால் அன்று தூக்கம் போய்விடும். மென்பொருள், வடிவமைப்பு போன்ற சேவைகளை மட்டும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு, வெளிநாட்டு வணிகக் கொள்கையின் சலுகை எதையும் கேட்காதவரை, ஐ.இ.சி. தேவையில்லை.

பணம் எப்படி வரும் என்பதுதான் பாடம்

புதியவர்கள் பெரும்பாலும் "எந்தப் பொருளை அனுப்பலாம்? எந்த நாட்டுக்கு?" என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் வர வேண்டியது வேறொன்று: அனுப்பிய சரக்குக்குப் பணம் எந்த வழியில் வரும், வராவிட்டால் என்ன செய்வது? வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். ஒரு வாரம் ஒதுக்க வேண்டிய விஷயம்.

வழிகள் நான்கு. முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது நமக்குப் பாதுகாப்பு, வாங்குபவருக்குப் பயம். நம்பிக்கையின் பேரில் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் பெறுவது அதற்கு நேர் எதிர். இரண்டுக்கும் நடுவில் வங்கி வழியாக ஆவணங்களை அனுப்புவது. இதில் இரண்டு வகை: டி.பி. என்றால் பணம் கட்டினால்தான் ஆவணம், டி.ஏ. என்றால் "இத்தனை நாளில் தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டாலே ஆவணம் கைமாறிவிடும். நான்காவது லெட்டர் ஆஃப் கிரெடிட், எல்.சி.

டி.பி. பாதுகாப்பானது என்று நினைத்து விமானத்தில் சரக்கு அனுப்புகிறவர்கள் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங், முறையாக எழுதப்பட்டால், சரக்கின் உரிமையையே குறிக்கும். அசல் இல்லாமல் சரக்கை எடுக்க முடியாது. விமான ரசீதுக்கு அந்தத் தகுதி இல்லை. பெறுநர் இடத்தில் வாங்குபவரின் பெயர் இருந்தால், அவர் வங்கிப் பக்கமே போகாமல் சரக்கை எடுத்துப் போய்விடலாம். ஆவணங்கள் வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, வெளிநாட்டு வங்கியின் சம்மதம் பெற்று அதன் பெயரைப் பெறுநராகப் போடுவார்கள். முருங்கைக்காய், மல்லிகைப்பூ என்று விமானத்தில் அனுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

எல்.சி.க்கு வருவோம். வாங்குபவர் தரவேண்டிய பணத்துக்கு அவருடைய வங்கி கொடுக்கும் வாக்குறுதி இது. உலகம் முழுவதும் வங்கிகள் இதற்குப் பின்பற்றுவது, பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபையின் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 39 விதிகள். அதில் மனதில் பதிய வேண்டியது ஐந்தாவது விதி: வங்கிகள் பார்ப்பது ஆவணங்களை, சரக்கை அல்ல. சரக்கு முத்துமுத்தாக இருந்தாலும் தாளில் பிழை இருந்தால் பணத்தை மறுக்கலாம்.

எனக்குத் தெரிந்த கரூர்க்காரர் ஒருவர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். சமையலறைத் துண்டு ஒரு கண்டெய்னர். எல்.சி.யில் கப்பலேற்றக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி. லாரி தாமதம், தூத்துக்குடியில் இடநெருக்கடி, பில் ஆஃப் லேடிங்கில் விழுந்த தேதி பதினேழு. இரண்டு நாள்தானே என்று ஆவணங்களைக் கொடுத்துவிட்டார். அங்குள்ள வங்கி முரண்பாடு என்று எழுதி நிறுத்தியது. வாங்குபவர் நிதானமாக, "ஏற்றுக்கொள்கிறேன், விலையில் கொஞ்சம் குறையுங்கள்" என்றார். குறைக்கத்தான் வேண்டியிருந்தது. கப்பலேறும் முன்பே எல்.சி.யைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும் வேலை.

இன்னும் சில விதிகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் எல்.சி.யின் ஆயுள் முடிவதற்குள். ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாள். இன்வாய்ஸில் எழுதும் பொருள் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஒரு பொறி: "வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்" என்று சில எல்.சி.களில் இருக்கும். கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர் விருப்பம் என்றால், அந்த எல்.சி. பெயரளவுக்குத்தான். வந்த அன்றே உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் காட்டி வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

கடனும் காப்பீடும்

உறுதியான ஆர்டரோ எல்.சி.யோ இருந்தால் மூலப்பொருள் வாங்க வங்கி தரும் கடன் பேக்கிங் கிரெடிட். சரக்கு போன பிறகு, பணம் வரும்வரை தருவது போஸ்ட் ஷிப்மென்ட் கடன். இதற்கு வட்டியில் மூன்று சதவீதம் தள்ளுபடி என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் யூடியூபில் சுற்றுகின்றன. அது 2015 ஏப்ரலில் தொடங்கிய வட்டிச் சமன்பாட்டுத் திட்டம். 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அதன் பிறகு, 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை 25,060 கோடி ரூபாய். இதில் இரண்டு பிரிவுகள். கடன், வட்டி சார்ந்த உதவிகள் நிர்யாத் புரோத்சாஹனில் வருகின்றன. தரச்சான்று, பேக்கேஜிங், கண்காட்சி, திறன் வளர்ப்பு போன்றவை நிர்யாத் திஷாவில். யாருக்கு எவ்வளவு என்பதை வீடியோ பார்த்து முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வழிகாட்டு நெறியைப் பாருங்கள்.

காப்பீட்டுக்கு இ.சி.ஜி.சி. இருக்கிறது. 1957-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். வாங்குபவர் திவாலாகிவிட்டாலோ, கெடு தாண்டியும் பணம் தராவிட்டாலோ, அந்த நாட்டில் போர் வந்தாலோ, இறக்குமதிக்குத் திடீர்த் தடை போட்டாலோ, இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். முழுவதையும் அல்ல. சரக்கு அனுப்பும் முன்பே அந்த வாங்குபவருக்கு எவ்வளவு வரை காப்பு என்ற கடன் வரம்பை இ.சி.ஜி.சி.யிடம் கேட்டு வாங்க வேண்டும். "தரம் சரியில்லை" என்று வாங்குபவர் தகராறு கிளப்பினால், அது தீர்ந்து உங்கள் பக்கம் முடிவாகும்வரை இழப்பீடு கிடைக்காது. இந்தக் கடைசி வரியை ஏஜென்ட்கள் சொல்வதில்லை.

ஏற்றுமதிப் பணம் குறிப்பிட்ட காலத்துக்குள் இந்தியாவுக்கு வந்தாக வேண்டும் என்பதும் சட்டம். நெடுநாளாக ஒன்பது மாதமாக இருந்த இந்தக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியது. வராத பணம் உங்கள் நஷ்டம் மட்டும் இல்லை, வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டிய கணக்கும்கூட.

முறையாகப் படிக்க விரும்பினால்

வேலைக்காகப் படிப்பதும் சொந்தத் தொழிலுக்காகப் படிப்பதும் வேறு வேறு. சொந்தத் தொழில் என்றால், 2024 செப்டம்பரில் தொடங்கிய டிரேட் கனெக்ட் என்ற அரசு இணையதளத்திலிருந்து ஆரம்பியுங்கள். நாடுவாரியான வரிவிவரம், ஒப்பந்தச் சலுகை, கற்றல் பாடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் அவ்வப்போது சில நாள் ஏற்றுமதிப் பயிற்சி நடத்துகிறது. கட்டணம் உண்டு. செய்தித்தாளில் அறிவிப்பு வரும். 1963-ல் தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம், ஐ.ஐ.எஃப்.டி., டி.ஜி.எஃப்.டி.யோடு சேர்ந்து நிர்யாத் பந்துவின் கீழ் இணையவழிப் படிப்பைக் கொண்டுவந்தது. அரசுத் திட்டத்தின் பெயர் இருப்பதால் இலவசம் என்று நினைத்துவிடாமல், சேரும் முன் கட்டணத்தைப் பாருங்கள்.

வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு மும்பையில் உள்ள இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ், ஐ.ஐ.பி.எஃப்., நடத்தும் அந்நியச் செலாவணி, வர்த்தக நிதித் தேர்வுகள் பயன்படும். எல்.சி. ஆவணங்களைச் சரிபார்ப்பதையே தொழிலாக்கிக்கொள்ள நினைத்தால் சி.டி.சி.எஸ். என்ற சர்வதேசச் சான்று உண்டு. கட்டணம் கடிக்கும், ஆனால் வெளிநாட்டு வங்கிகள் மதிக்கும்.

இன்னொரு பாதையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சென்னை பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளில், மற்றவர்களின் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் சுங்கத் தரகர் அலுவலகங்கள் நிறைய. அங்கே உதவியாளராகச் சேர்ந்தால் சுங்கத்துறையின் அடையாள அட்டைகளில் முதல் படியான எச் கார்டு கிடைக்கும். சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. சில ஆண்டு அனுபவத்துக்குப் பின், உரிமத்துக்கான எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தாண்டினால் எஃப் கார்டு. ஆரம்பச் சம்பளம் சுமார்தான். ஆனால் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லை ஆறு மாதம் கையால் தொட்டவருக்குத் தெரிவது, ஓட்டல் ஹால் வகுப்பில் ஆறு வருடம் உட்கார்ந்தாலும் தெரியாது.

சிறிய அளவில் சோதித்துப் பார்க்க அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா நல்ல இடம். தபால் நிலையத்திலிருந்தே ஏற்றுமதி. அதற்கான பில்லையும் இணையத்திலேயே போடலாம். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், வரி கட்டாமல் அனுப்புவதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்.யு.டி.யை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஐ.இ.சி.யை உறுதிப்படுத்த உட்காரும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.

நிர்யாத் பந்து அதிகாரியைப் பார்க்கப் போகும்போது "ஏற்றுமதி செய்ய ஆசை சார்" என்று ஆரம்பித்தால் கையேடு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார். பொருளை வகைப்படுத்தும் எட்டு இலக்க எச்.எஸ். குறியீடு, அனுப்ப நினைக்கும் நாடு, பேசிக்கொண்டிருக்கும் பணவழி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குறியீட்டைச் சொன்னவுடன் அந்தப் பொருளுக்குத் தடையா, கட்டுப்பாடா, எந்தக் கவுன்சிலில் பதிய வேண்டும் என்று அவர் திரையைப் பார்த்தே சொல்லத் தொடங்கிவிடுவார்.