சிறுநீரகத்துக்குள் ஒரு மூக்கு

“நார்ச்சத்து செரிப்பதே இல்லை, அப்படியே வெளியேறிவிடுகிறது என்றுதான் பள்ளியில் படித்தோம், அது எப்படி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பாடநூல் சொன்னது சரிதான், ஆனால் அது சிறுகுடலோடு நின்றுவிட்டது.

நார்ச்சத்தின் சர்க்கரைக் கண்ணிகளை அறுக்கும் நொதிகள் நம்மிடம் இல்லாததால், அது சிதையாமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்களிடம் அந்த நொதிகள் ஏராளம். பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற ஓர் இனத்திடம் மட்டுமே இவ்வகை நொதிகளுக்கான மரபணுக்கள் 200-க்கும் மேல் உள்ளன. ஆக்சிஜன் இல்லாத அவ்விடத்தில் நார் நொதித்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிற்றமிலங்கள் பிறக்கின்றன. வினிகரின் நெடி முதலாவதற்கு உரியது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடை மூன்றாவதற்கு உரியது. பியூட்டிரேட்டில் பெரும்பகுதியைக் குடற்சுவர்ச் செல்களே எரிபொருளாக்கிக்கொள்ள, மற்ற இரண்டில் கல்லீரல் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சியது இரத்தத்தில் கலக்கிறது.

வாடை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஓஎல்எஃப்ஆர் 78 என்ற ஏற்பி, காற்றே புகாத சிறுநீரகத்திலும், சிறு இரத்தக் குழாய்களின் தசையிலும் இருப்பதை ஜெனிஃபர் புளூஸ்னிக் குழுவினர் சுண்டெலிகளில் கண்டு 2013-இல் வெளியிட்டார்கள். சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் வாசலில், ரெனின் என்ற நொதியைச் சுரக்கும் செல்களை ஒட்டியே அது அமர்ந்திருக்கிறது. ரெனின் சுரந்தால் குழாய்கள் சுருங்கும், உப்பு தேங்கும், அழுத்தம் ஏறும் என்பது தெரிந்ததே. அந்த ஏற்பி தூண்டப்பட்டால் ரெனின் சுரக்கிறது. அதைத் தூண்டுபவை நம் குடல் பாக்டீரியாக்கள் தயாரித்த அசிட்டேட்டும் புரோப்பியோனேட்டும்தான்!

அப்படியானால் அழுத்தம் கூடவேண்டுமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கையின் நேர்த்தி என்னை வியக்க வைக்கிறது. ஜிபிஆர் 41 என்ற இன்னோர் ஏற்பி இதே அமிலங்களை உணர்ந்து குழாய்களைத் தளர்த்துகிறது. அதற்கு மிகக் குறைந்த செறிவே போதும், ஓஎல்எஃப்ஆர் 78 விழிக்கவோ பல மடங்கு அதிகச் செறிவு வேண்டும். ஆகவே வழக்கமான அளவில் தளர்த்தும் ஏற்பியே மேலோங்கி நிற்க, அமிலம் மிகும்போது மற்றது தலையிட்டு, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஓஎல்எஃப்ஆர் 78 நீக்கப்பட்ட எலிகளுக்குப் புரோப்பியோனேட் செலுத்தியபோது, இயல்பான எலிகளைவிட அவற்றின் அழுத்தம் ஆழமாகச் சரிந்தது இதற்குச் சான்று.

மனிதரிடமும் சோதித்திருக்கிறார்கள். அசிட்டேட்டையும் பியூட்டிரேட்டையும் பெருங்குடலில் விடுவிக்கும்படி மாற்றியமைத்த மாவுச்சத்தை, உயர் அழுத்தம் இருந்தும் மருந்து எடுக்காத 20 பேருக்கு மூன்று வாரம் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில், மேல் அழுத்தம் சராசரியாக 6 மி.மீ. அளவுக்குக் குறைந்தது. முடிவு 2023-இல் வெளிவந்தது. இருபது பேர் போதாது. ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். உணவிலுள்ள சாதாரண நாருக்குக் காப்புரிமை பெற முடியாது என்பதால், இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுப் பணமே முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. முழுத்தானியம், பயறு, காய், பழம் வழியாக அதை எட்ட நினைப்பவர் ஒரே நாளில் எட்ட முயல வேண்டாம். அமிலத்தைத் தரும் அதே நொதித்தல்தான் வாயுவையும் தருகிறது. வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரையும் போதுமான அளவு குடித்துவந்தால் வயிற்று உப்புசம் அவ்வளவாகத் தொல்லை தராது. அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.