பாசிட்டிவ் திங்கிங்: நேர்மறையா, ஆக்கமா?

மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் எந்த அரங்குக்குள் நுழைந்தாலும் சுயமுன்னேற்ற நூல்களுக்கு ஒரு மேசையாவது இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே நின்று புரட்டுவதைப் பார்க்கலாம். அந்த நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற சொல் பாசிட்டிவ் திங்கிங். தமிழில் வரும்போது அது பெரும்பாலும் 'நேர்மறைச் சிந்தனை' ஆகிவிடுகிறது.

பாசிட்டிவ் என்பதன் வேர் லத்தீன். 'பொனெரே' என்றால் வைத்தல். அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வகுத்து வைக்கப்பட்டது, உறுதியானது என்பதே அதன் பழைய பொருள். மனிதர் இயற்றிய சட்டத்தைக் குறிக்க அது வழங்கியது. மனநிலையைக் குறிக்கும் பொருள் பிற்பாடு ஏறியது. 1952-இல் நார்மன் வின்சென்ட் பீல் என்ற நியூயார்க் பாதிரியார் எழுதிய 'தி பவர் ஆஃப் பாசிட்டிவ் திங்கிங்' அந்தத் தொடரை உலகமெங்கும் கொண்டுபோனது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1859-இல், சாமுவேல் ஸ்மைல்ஸ் 'செல்ஃப் ஹெல்ப்' எழுதிவிட்டார். அவர் அழுத்திச் சொன்னது உழைப்பையும் விடாமுயற்சியையும். பீல் அழுத்தியது நம்பிக்கையையும் பிரார்த்தனையையும்.

சரி, நேர்மறைக்கு வருவோம். எதிர்மறை நமக்குப் பழைய சொல். தொல்காப்பியம் இடையியலில் 'உம்' என்ற இடைச்சொல்லின் எட்டுப் பொருள்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது. இங்கே 'மறை' என்றால் மறுத்தல். 'வாரான்' எதிர்மறை. 'வருவான்' என்பதற்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயர் உடன்பாடு. எதிர்மறையில் 'எதிர்' இருப்பதைப் பார்த்து, அதற்கு மாற்றாக 'நேர்' போட்டு உண்டாக்கியதுதான் நேர்மறை. மறுப்பு அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 'நேர்தல்' என்பதற்கு உடன்படுதல் என்ற பொருளும் உண்டு. ஆக முன்பாதி சரி, பின்பாதி அதை மறுக்கிறது. பள்ளிக்கூடத்தில் உடன்பாட்டு வினை, எதிர்மறை வினை என்று படித்த பிள்ளைக்கு இந்தச் சொல் குழப்பத்தைத்தான் தரும்.

அப்படியானால் உடன்பாட்டுச் சிந்தனை என்று எழுதலாமா? இலக்கணப்படி பொருந்தும். ஆனால் இன்றைக்கு உடன்பாடு என்றால் ஒப்பந்தம் என்றுதான் காதில் விழும். ஒரே பாசிட்டிவுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேட வேண்டியதும் இல்லை. கணக்கில் அது மிகை எண், மின்சாரத்தில் நேர்மின், கொரோனாப் பரிசோதனையில் தொற்று உறுதி. இரத்த வகையில் பாசிட்டிவ் என்றே இருக்கட்டும், அங்கே மாற்றினால் ஆபத்து.

மனதைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சரியென்று படுவது ஆக்கச் சிந்தனை. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா ஊக்க முடையா னுழை' என்கிறது திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரம். ஊக்கம் தளராதவன் இருக்கும் இடத்துக்கு ஆக்கம் தானே வழி கேட்டுக்கொண்டு போகுமாம். அங்கே ஆக்கம் என்பது செல்வம், உயர்வு. பேச்சிலோ ஆக்குவது கையால் நடக்கிற வேலை. நம்ம ஊர்ப்பக்கம் சோறு ஆக்குகிறோம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக்கூடாதா என்கிறோம். நினைப்பும் செய்கையும் ஒரு சொல்லுக்குள் சேர்ந்து வருவதால்தான் அது பொருத்தமாகிறது. நினைத்தால் போதும், நடந்துவிடும் என்று சில புத்தகங்கள் சொல்லும்போது படிக்கிற பிள்ளைகளை எண்ணி எனக்குக் கவலையாக இருக்கிறது. 'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' என்று தொடங்கும் குறளைப் பல மேடைகளில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 'எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்' என்பதுதான் நிபந்தனை. அந்தக் குறள் இருப்பதே வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில்.

எழுதும்போது இடம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பாசிட்டிவ் அப்ரோச் என்பதை ஆக்கப்பூர்வமான அணுகுமுறை என்கிறோம். 'பூர்வம்' வடசொல், 'ஆக்க அணுகுமுறை' போதும். 'பாசிட்டிவா பேசுப்பா' என்பதற்கு 'நல்ல வார்த்தை சொல்லுப்பா' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே இருக்கிறது. நெகட்டிவ் திங்கிங்குக்கு எதிர்மறைச் சிந்தனை என்பதில் பிழை இல்லை, தாராளமாக எழுதலாம். சுயமுன்னேற்றத்துக்குத் தன்முன்னேற்றம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் வந்துவிட்டது.