தீக்காய வழக்கு: ஆஸ்பத்திரி பில்லோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

பலத்த தீக்காயம் பட்ட ஒருவருக்காக அவருடைய குடும்பத்தார் வக்கீலைத் தேடி வரும்போது, பெரும்பாலும் ஒரு கட்டு பில்லோடுதான் வருகிறார்கள். "இந்தச் செலவை மட்டும் வாங்கிக் கொடுங்க மேடம், அது போதும்" என்பார்கள். அவர்கள் இருக்கும் நிலையில் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் பார்த்த வழக்குகளில் அந்த பில் மொத்த இழப்பில் ஒரு சிறு பகுதிதான். பெரிய செலவெல்லாம் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஆழமான தீக்காயம் ஆறிய பிறகும் தழும்பு மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அது ஒரு நிலைக்கு வர ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். அதற்குள் தழும்பு சுருங்கி மூட்டுகளை இழுத்துப் பிடிக்கும். கழுத்தில் பட்டிருந்தால் முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கும், கையில் பட்டிருந்தால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். அதை விடுவிக்க மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி தோல் ஒட்டு. குழந்தை என்றால் இன்னும் கஷ்டம். உடம்பு வளரும், தழும்பு அதற்கு ஈடுகொடுத்து வளராது. அதனால் வளர்ந்து முடியும்வரை பலமுறை ஆபரேஷன் தேவைப்படலாம். தழும்பை அமுக்கிவைக்கும் இறுக்கமான உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வார்கள், அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். ஒட்டிய தோலில் வியர்வை சரியாகச் சுரக்காது. உடம்பில் பாதி அப்படி ஆன ஒருவரால் வெயிலிலோ உலைக்குப் பக்கத்திலோ நின்று வேலை பார்க்க முடியாது. கை கால் எல்லாம் நன்றாக அசையும், ஆனாலும் பழைய வேலைக்குப் போக முடியாது. நீதிமன்றத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் "ஊனம் குறைவு" என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அதனால்தான் சீக்கிரமாக வரும் சமரசத்தைக் கண்டால் எனக்குப் பயம். இன்சூரன்ஸ் கம்பெனியோ எதிர்த்தரப்போ நல்லபடியாகப் பேசி, ஒரு தொகையைச் சொல்லி, ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், இரண்டு வருடம் கழித்து ஆபரேஷன் வந்தாலும் திரும்பிப் போய்க் கேட்பது ரொம்பக் கஷ்டம். பண நெருக்கடி என்றால், வழக்கு முடியும் முன்பே இடைக்காலத் தொகை கேட்கப் பல இடங்களில் வழி உண்டு. வழக்கை மூடாமலேயே சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் வழி அது. எதிர்காலச் சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று பிளாஸ்டிக் சர்ஜன் எழுத்தில் கொடுக்கும்வரை கடைசித் தொகையைப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

மின்சாரம் தாக்கியவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். வெளியே உள்ளங்கையில் சின்னதாக ஒரு கருகல்தான் தெரியும், உள்ளே தசையும் நரம்பும் வெந்திருக்கும். மாதங்கள் கழித்துக் கண்ணில் புரை விழுவதும் உண்டு. "சின்னக் காயம்தானே" என்று முதல் வாரத்திலேயே முடித்துக்கொண்டால் இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

அடுத்தது சாட்சியம். சட்டம் சில வருடங்கள் அவகாசம் தரும், சாட்சியம் அப்படிக் காத்திருக்காது. வீட்டைச் சுத்தம் செய்யும்போது கருகிப்போன ஹீட்டரையும் உருகிய வயரையும் யாராவது நல்ல எண்ணத்தில் குப்பையில் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். வெடித்த பேட்டரி, சிலிண்டர் ரெகுலேட்டர், அதன் ரப்பர் குழாய், பற்றிக்கொண்ட துணியில் மிச்சமிருக்கும் துண்டு, வாங்கிய ரசீது, வந்த அட்டைப்பெட்டி, எல்லாமே தேவை. கழற்றிப் பார்க்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. கம்பெனி ஆள் வந்து "பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம்" என்றால், வக்கீலைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது, டாக்டரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒருமுறையாவது போட்டோ எடுத்துவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஒரு வரி. அட்மிஷன் போடும்போது "எப்படி நடந்தது?" என்று கேட்டு எழுதுவார்களே, அந்த வரி. வலியில் துடிப்பவர் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார், கூட வந்த யாரோ சொல்வார். "தெரியாமல் தானே கொட்டிக்கொண்டார்" என்று பதிவாகிவிட்டால், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டும் காகிதம் அதுதான். உண்மையாக நடந்ததை மட்டும் சொல்லுங்கள், காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். வீட்டிலேயே ஒருவர் தீ வைத்திருந்தால், அவரே பக்கத்தில் நின்றுகொண்டு பதில் சொல்வதும் நடக்கிறது. அப்படிச் சந்தேகம் இருந்தால் நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். பயத்தில் சொன்ன வாக்குமூலத்தைப் பிறகு திருத்திச் சொல்லவும் வழி உண்டு. ஏற்கெனவே ஒன்று பதிவாகிவிட்டதே என்று யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

"எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, கேஸ் நிற்குமா?" இது அடிக்கடி வரும் கேள்வி. இதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்த மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கைச் சொல்வேன். 1992-இல் 79 வயதுப் பெண் ஒருவர், நின்றிருந்த காரில் உட்கார்ந்து காபிக் கோப்பையின் மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டிவிட்டது. ஊரே சிரித்த வழக்கு அது. ஆனால் அவருக்கு ஏற்பட்டது தோலின் முழு ஆழத்துக்கும் போகும் மூன்றாம் நிலைத் தீக்காயம், தோல் ஒட்ட வேண்டியிருந்தது. காபி 80 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் பரிமாறப்பட்டது, அதற்கு முன்பே சுமார் 700 புகார்கள் அந்த நிறுவனத்துக்குப் போயிருந்தன என்பதெல்லாம் விசாரணையில் வெளியே வந்தது. 1994-இல் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள் குழு, அவர் பேரில் 20 சதவீதத் தவறு என்றது. அதனால் சிகிச்சைக்கும் வலிக்குமான 2 லட்சம் டாலர் 1,60,000 ஆகக் குறைந்தது, வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. தண்டனையாகவும் ஒரு பெரிய தொகையை ஜூரி சொன்னது, நீதிபதி அதைக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். உங்கள் பங்குக்குத் தவறு இருந்தால் தொகை குறையலாம். ஆனால் பல நாடுகளில் உரிமையே போய்விடாது. எதிர்த்தரப்புக்கு முன்பே வந்த புகார்களைத் தேடி எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் இந்த வழக்கே உதாரணம்.

யார் மேல் வழக்கு என்பது தீ எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. பொருளில் குறைபாடு என்றால் தயாரிப்பாளர், சில சமயம் விற்றவரும். ஐரோப்பாவில் 1985 முதலும் இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் குறைபாடுள்ள பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஆபத்தான தொழில் நடத்தும் ஆலையிலிருந்து கசிவோ வெடிப்போ வந்து பிறரைப் பாதித்தால், "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்ற பதில் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் சொன்னது. வேலையிடத்தில் நடந்தால் தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம், அதற்குப் பொதுவாக முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு வரையறை இருக்கும். இயந்திரம் செய்தவர், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் போன்ற மூன்றாவது ஆள் மேல் தனி வழக்குப் போட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

யாராவது வேண்டுமென்றே தீயோ அமிலமோ வீசியிருந்தால் அது குற்ற வழக்கு. பங்களாதேஷ் 2002-இல் அமில வீச்சுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியா 2013-இல் தண்டனைச் சட்டத்திலேயே அதற்கெனத் தனிப் பிரிவுகளைச் சேர்த்தது. குற்றவாளி பிடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பல நாடுகளில் அரசே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் திட்டம் வைத்திருக்கிறது.

அப்புறம், காலக்கெடு. இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்குப் பொதுவாக 3 வருடம், இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடம். அரசுத் துறை மேல் வழக்கு என்றால் அதற்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கலாம். தழும்பு முதிரக் காத்திருங்கள் என்று மேலே சொன்னது தொகை பேசுவதற்குத்தான். வழக்கைப் பதிவு செய்யக் காத்திருக்காதீர்கள். பதிவு செய்துவிட்டு, மருத்துவ அறிக்கை வரும்வரை நேரம் கேட்கலாம்.

வக்கீலை முதல்முறை பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, தேதி போட்ட போட்டோக்கள், போலீஸ் அல்லது தீயணைப்புத் துறை அறிக்கையின் நகல், காயத்துக்கு முந்தைய சம்பளச் சான்று ஆகியவற்றை எடுத்துப்போங்கள். பாதிக்கப்பட்டவரைக் கவனித்துக்கொள்ள வீட்டில் யார் வேலையை விட்டார்கள் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தச் சம்பள இழப்பையும் பல இடங்களில் கேட்க முடியும்.