தாலி கட்டியாச்சு, ரிஜிஸ்தர் செய்தாச்சா?

போன மாதம் ஒரு பெண் என் மேசை மேல் தன் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். கனமான பழைய ஆல்பம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் நகத்தால் மெதுவாகப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். மணவறை, அம்மி மிதிப்பது, மாமனார் மாமியாரோடு நிற்பது. கடைசிப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் கோயில் ரசீது. தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. "இது போதும்தானே மேடம்?" என்று கேட்டார்.

போதாது. அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மலேசியாவின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருடைய கணவர் இரவு ஷிப்டுக்கு மோட்டாரில் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள், இவரிடம் இல்லை. ஒன்பது வருடக் குடித்தனம், இரண்டு பிள்ளைகள், ஆனால் தேசியப் பதிவிலாகாவின் கணக்கில் இருவருமே கல்யாணம் ஆகாதவர்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பினாங்கில் குடும்ப வழக்குகள் பார்க்கும் எனக்கு இப்படி ஓர் ஆல்பம் வருவது இது முதல் முறை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் கல்யாணம் அந்தச் சட்டம் சொல்லும் முறைப்படி நடக்க வேண்டும்; சமயச் சடங்கோ குல வழக்கமோ மட்டும் இருந்தால் ஆகாது. அதற்கு முன்பு வழக்கப்படி முறையாகக் கல்யாணம் செய்துகொண்ட நம் பாட்டிமார்களுக்குப் பாதுகாப்பு உண்டு, அவர்கள் திருமணம் பதிவானதாகவே கருதப்படும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். "எங்க காலத்துல யாரு ரிஜிஸ்தர் பண்ணா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது அவர்களுக்குச் சரி, பேத்திக்குச் சரியில்லை.

அப்புறம், ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். லீவு கிடைக்கவில்லை, ஐசியில் (அடையாள அட்டையில்) முகவரி மாற்ற வேண்டியிருந்தது, கோயில் ரசீதுதான் சான்றிதழ் என்று நினைத்துவிட்டோம். இவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் தீர்க்கலாம். என்னைப் பயமுறுத்துவது வேறொரு பதில்: "தாள் எதுக்கு, என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டாரு". தங்கச்சிகளே, இதைக் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். சில சமயம் அது வெறும் சோம்பேறித்தனம்தான், ஆனால் சில சமயம் அந்த மனிதருக்கு ஏற்கெனவே பதிவான ஒரு மனைவி இருக்கிறார், விவாகரத்து முடியவில்லை, அதனால் அவரால் பதிவு செய்யவே முடியாது. அப்படி இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினாலும் அது குற்றம்தான். குற்றவியல் சட்டத்தின் 494ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பதிவுக்கு விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்களே, ஆட்சேபம் இருப்பவர்கள் அந்த நாட்களில் வந்து சொல்லலாம்.

ஆல்பம் கொண்டுவந்தவருக்கு வருகிறேன். கணவர் உயில் எழுதவில்லை. பதிவு மட்டும் இருந்திருந்தால் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி சொத்தில் கால் பங்கு இவருக்கு, பாதி பிள்ளைகளுக்கு, கால் பங்கு கணவரின் பெற்றோருக்கு. பதிவு இல்லாததால் இவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் மனைவி இல்லை, அங்கே 'பிள்ளை' என்றால் சட்டபூர்வத் திருமணத்தில் பிறந்த பிள்ளை என்றே பொருள், ஆக முழுவதும் பெற்றோருக்குப் போகிறது. ஊழியர் சேமநிதி வாரியத்தில், தன் காலத்துக்குப் பிறகு பணம் யாருக்கு என்ற இடத்தில், கணவர் கல்யாணத்துக்கு முன்பே தன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தார், அதை மாற்றவும் இல்லை. மாமியார் நல்ல மனுஷி, பேரப்பிள்ளைகளுக்கு என்று பாதிப் பணத்தைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். எல்லா மாமியாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கச் சொல்லி நானும் வற்புறுத்த முடியாது.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கனமானது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஏறும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் ஏறினாலும் குடியுரிமையைப் பொறுத்தவரை, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை அம்மாவின் நிலையைத்தான் பின்பற்றும். அம்மா மலேசியர் என்றால் பிரச்சனை இல்லை. அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவராகவோ இந்தோனேசியராகவோ இருந்தால், அப்பா நீல ஐசி வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளை அவர் வழியாகக் குடியுரிமை பெற முடியாது. பிறகு கல்யாணம் செய்தால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை சட்டபூர்வமானதாக ஆகும், ஆனால் குடியுரிமைக்குப் பிறந்த நாளின் நிலைதான் கணக்கு என்று 2021இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொல்லிவிட்டது. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் வயதில் பிள்ளைக்கு ஐசி இல்லை என்று வந்து அழும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பெண்ணை மணப்பவர்கள், தயவுசெய்து, பிள்ளை பிறக்கும் முன்பே பதிவை முடியுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் அந்த ஆல்பத்துக்கு மதிப்பு உண்டு. அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "சான்றிதழ் இல்ல, நீ பொண்டாட்டியே இல்ல, போலீசுக்குப் போய் என்ன சொல்வே?" என்று மிரட்டுவார்கள். அது பொய். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், சமயப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்துகொண்டவரைப் பதிவு இல்லாவிட்டாலும் துணைவராகவே ஏற்றுக்கொள்கிறது. போலீஸ் புகார் கொடுக்கலாம், விசாரணை நடக்கும்போதே மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால் சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு உத்தரவு தரும் ஏற்பாடு 2017 திருத்தத்தில் வந்தது. அந்த நேரத்தில் மணவறைப் படமும் கோயில் ரசீதும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்கவும் பெற்றோர் பதிவு செய்திருக்க வேண்டும் என்று இல்லை, 1950ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு தப்பும் நடக்கிறது. வீட்டுக் கடனுக்காக முதலில் பதிவு செய்துவிட்டு, "பெரிய கல்யாணம்" அடுத்த வருடம் என்று வைத்திருப்பார்கள், நடுவில் மனம் முறிந்துவிடும். தாலிதான் ஏறவில்லையே என்று பிரிந்து போய்விட முடியாது. பதிவான அன்றே நீங்கள் கணவன் மனைவி, பிரிய வேண்டுமானால் நீதிமன்றம்தான், அதிலும் விவாகரத்துக்குச் சாதாரணமாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இல்லறம் தொடங்கவே இல்லை என்ற காரணத்தில் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம், ஆனால் அதற்கும் வழக்கு, செலவு, கேள்விகள். பதிவை வெறும் படிவமாக நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மண்டபம் பிடிக்கும் முன்பே கோயிலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே பதிவிலாகா நியமித்த திருமண உதவிப் பதிவாளர் இருக்கிறாரா? இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பித்து 21 நாள் அறிவிப்பையும் முடித்துவிட்டு, தாலி கட்டும் அதே நாளில் கையெழுத்தையும் முடிக்கலாம். இல்லையென்றால் பதிவிலாகாவுக்கே போகலாம், இரண்டு சாட்சிகளோடு. 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

பத்து வருடமாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள், பிள்ளைகளும் இருக்கிறார்கள், இன்னும் பதிவு இல்லை என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை, இருவரும் இந்த வாரமே போய் விண்ணப்பியுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, பினாங்கில் 1985 முதல் பெண்களுக்காக இயங்கும் டபிள்யூ.சி.சி. (Women's Centre for Change) அமைப்பு இருக்கிறது. வீட்டில் ஆபத்து என்றால் 15999, தாலியான் காசிஹ் (Talian Kasih) என்ற உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்தப் பெண் போகும்போது ஆல்பத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, தன் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் என்றார். கோயிலில் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.