மேயர்: ஒரே சொல், மாறிக்கொண்டே போன பதவி

‘பையன் மேஜராகிவிட்டான்’ என்று சொல்லும்போது நாம் பயன்படுத்தும் சொல்லும் ‘மேயர்’ என்ற சொல்லும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் தாய் ‘மாயோர்’ என்ற லத்தீன் சொல். ‘பெரிய’ என்று பொருள்படும் ‘மாக்னுஸ்’ என்பதன் ஒப்பீட்டு வடிவம் அது. ‘இன்னும் பெரிய’, ‘மூத்த’ என்று பொருள். பிராங்கு அரசர்களின் அரண்மனை நிர்வாகத்தைக் கவனித்தவருக்கு ‘மாயோர் தோமுஸ்’, அதாவது வீட்டுப் பெரியவர், என்று பெயர். பிரெஞ்சில் அது ‘மேர்’ என்று தேய்ந்து, ஊர்த் தலைவரைக் குறித்தது. நார்மானியர் ஆட்சிக்குப் பின் இங்கிலாந்துக்கு வந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் முதல் மேயரானவர் ஹென்றி ஃபிட்ஸ் ஐல்வின். படைப்பதவியான மேஜரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேய மாநகராட்சிகளில் மேயருக்கு அடுத்து உட்காரும் ‘ஆல்டர்மேன்’ பழைய ஆங்கிலத்தில் ‘மூத்த ஆள்’. ஆக, பெரியவர், மூத்தவர் என்று நம்மூர்ப் பெரியதனக்காரரைப் போன்ற பெயர்கள்தான் இவை. சொல்லுக்குள் அதிகாரத்தின் அளவு எதுவும் எழுதியிருக்கவில்லை. அமெரிக்க நகரச் செய்தியைத் தமிழில் எழுதும்போது மேயரை என்னவென்று சொல்வது என்ற சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தமிழுக்கு இந்தச் சொல் வந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1687 டிசம்பர் 30ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்லர். இன்றைய கனெக்டிகட் மாநிலத்திலுள்ள கில்ஃபோர்டில் பிறந்து, ஹார்வர்டில் படித்தவர். அமெரிக்கா என்ற நாடு பிறக்கும் முன்பே அந்த மண்ணில் பிறந்த ஒருவர் நம்மூரில் மேயராகிவிட்டார்.

மேயருக்குத் தமிழில் நான்கு பெயர்கள் புழங்குகின்றன. மேயர், மாநகரத் தந்தை, மாநகராட்சித் தலைவர், மாநகர முதல்வர். கடைசியாகச் சொன்னது இலங்கை வழக்கு; ‘யாழ் மாநகர முதல்வர்’ என்றால் அங்கே யாருக்கும் குழப்பமில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கோ ‘முதல்வர்’ என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். அமெரிக்க நகரச் செய்தியில் ‘மாநகர முதல்வர்’ என்று எழுதினால், அந்த மாநில ஆளுநருக்கு ஏதோ போட்டிப் பதவி போலத் தொனிக்கும். அமெரிக்க மாநிலங்களில் நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர் ஆளுநர் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இவற்றில் எது அமெரிக்க நகரத்துக்குப் பொருந்தும் என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நகரத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் அதற்குச் சரியான ஊர். 1851 முதல் அங்கே மேயர் உண்டு. ஆனால் மேயர் என்ன செய்வார் என்பது அடியோடு இருமுறை மாறியிருக்கிறது.

முதல் மேயர் ஹியூ ஓப்ரையன்ட். ஊரில் அப்போது இருந்தது ஏறக்குறைய 800 பேர். ‘மாநகர’ என்ற அடைமொழி இங்கேயே அடிபட்டுப் போகிறது. தமிழ்நாட்டில் மேயர் மாநகராட்சிக்கு மட்டும்தான். நகராட்சிக்கு நகர்மன்றத் தலைவர், பேரூராட்சிக்குப் பேரூராட்சித் தலைவர். அமெரிக்காவில் அந்தப் படிக்கட்டு கிடையாது. சில நூறு பேர் வாழும் ஊரிலும் மேயர் இருக்கலாம். ஊரின் அளவைப் பதவிப் பெயரிலேயே ஒட்டவைப்பது நம் வழக்கம், அவர்களுடையது அல்ல.

1913 வரை போர்ட்லாண்டில் இருந்தது நமக்குப் பாடநூல்களில் பழக்கமான அமைப்பு. ஒருபக்கம் நகர மன்றம், அதற்குத் தனியே மேயர். மன்றம் இயற்றியதை மேயர் வீட்டோ செய்யலாம், அதாவது தடுத்து நிறுத்தலாம். போதிய உறுப்பினர் சேர்ந்தால் மன்றம் அதை மீறலாம். 1905 முதல் 1909 வரை மேயராக இருந்த மருத்துவர் ஹாரி லேன், தனியார் நிறுவனங்களுக்கு மன்றம் அள்ளிக்கொடுத்த உரிமங்களை விடாமல் வீட்டோ செய்து பெயர் வாங்கியவர்.

அடுத்து வந்ததுதான் மொழிபெயர்ப்பாளரைத் தடுக்கிவிழச் செய்யும் அமைப்பு. அதன் பிறப்பிடம் டெக்சாஸின் கால்வெஸ்டன். 1900 செப்டம்பர் 8 அன்று வீசிய புயலில் அங்கே 6,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஊரை மீட்க, 1901இல் பழைய மன்றத்தைக் கலைத்துவிட்டு ஐந்து பேர் குழுவிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். ஒருவர் நிதி, ஒருவர் குடிநீரும் கழிவுநீரும், ஒருவர் தெருக்கள், ஒருவர் காவலும் தீயணைப்பும், ஐந்தாமவர் மேயர். சட்டம் இயற்றுவதும் அதே ஐவர், துறையை நடத்துவதும் அதே ஐவர். வேகம் பிடித்திருந்ததால் நாடெங்கும் பரவியது. அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 500 ஊர்கள் இதைப் பின்பற்றின. போர்ட்லாண்ட் 1913இல் சேர்ந்தது. கால்வெஸ்டனே 1960இல் இதைக் கைவிட்டுவிட்டது. பெரிய நகரங்களில் 2024 முடியும்வரை விடாப்பிடியாக வைத்திருந்தது போர்ட்லாண்ட் ஒன்றுதான்.

இந்த அமைப்பில் மேயரைத் தவிர்த்த நால்வரின் பெயர் ‘கமிஷனர்’. அகராதியைப் புரட்டினால் ‘ஆணையர்’ என்று வரும். அப்படியே எழுதினால் பிழை. தமிழ்நாட்டில் மாநகராட்சி ஆணையர் என்பவர் அரசு நியமிக்கும் அதிகாரி, பெருநகரங்களில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்கு மாமன்றத்தில் வாக்கு கிடையாது. போர்ட்லாண்டின் கமிஷனரோ தேர்தலில் நின்று வென்ற அரசியல்வாதி, மன்றத்தில் வாக்களிப்பவர், கூடவே குடிநீர்த் துறைக்கோ பூங்காத் துறைக்கோ தலைவர். ‘ஆணையர் எதிர்த்து வாக்களித்தார்’ என்று எழுதினால் மதுரை வாசகர் புருவத்தை உயர்த்துவார். ‘துறைப் பொறுப்பு உறுப்பினர்’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் இல்லை. நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உருவம் வேண்டுமென்றால் மாநகராட்சியில் தேட வேண்டாம், அமைச்சரவையைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டு துறையையும் கையில் வைத்திருக்கும் அமைச்சர்தான் அது. ஒரு வேறுபாடு: அமைச்சரை முதலமைச்சரால் நீக்க முடியும். கமிஷனரை மேயரால் நீக்க முடியாது, மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்பதால்.

அப்படியானால் மேயரிடம் என்ன இருந்தது? ஐந்தில் ஒரு வாக்கு. வீட்டோ இல்லை. ஒரே பெரிய ஆயுதம், எந்தத் துறை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது. 2009இல் மேயர் சாம் ஆடம்ஸ் போலீஸ் துறையைக் கமிஷனர் டான் சால்ட்ஸ்மனிடம் கொடுத்தார். 2010 மே மாதம் திரும்ப எடுத்துக்கொண்டார். கையோடு போலீஸ் தலைவரையும் மாற்றினார். ‘மேயர் போலீஸ் தலைவரை மாற்றினார்’ என்ற வாக்கியம் அந்த வாரத்தில் உண்மை. இரண்டு மாதம் முன்பு அது நடக்கவே முடியாது, அதே மேயர் இருந்தும்கூட.

இன்னொரு கண்ணியும் உண்டு. நால்வருக்கும் பொதுப் பாதுகாப்பு, பொதுப்பணி என்றெல்லாம் நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தில் பட்டங்கள் இருந்தன. அந்தப் பட்டத்துக்கும் அவர் கையில் இருந்த துறைக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டியதில்லை. பழைய ஆவணங்களில் பட்டத்தை மட்டும் பார்த்து ‘பொதுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டில் போலீஸும் தீயணைப்பும் யாரிடம் இருந்தன என்று தேட வேண்டும்.

அமைப்பின் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தன. தெருத்துறை ஒருவரிடம், கழிவுநீர்த்துறை இன்னொருவரிடம் என்றால், ஒருவர் போட்ட சாலையை இன்னொருவர் தோண்டுவதைத் தடுக்க இருவருக்கும் மேலே ஆள் இல்லை. நிர்வாக அனுபவமே இல்லாதவர் வென்று வந்து மறுநாளே ஒரு துறையை நடத்துவார். ஐவருமே நகரம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், பணமும் வாக்கு எண்ணிக்கையும் அதிகமுள்ள பகுதிகளிலிருந்தே உறுப்பினர்கள் வந்தார்கள். 82ஆம் அவென்யூவுக்குக் கிழக்கே, பிற்காலத்தில் நகரோடு சேர்க்கப்பட்ட ஏழைப் பகுதிகளுக்குக் குரல் கிடைப்பது அரிது. இத்தனைக்கும், மாற்றலாமா என்று கேட்டபோதெல்லாம் வாக்காளர்கள் மறுத்தார்கள், 2002இலும் 2007இலும்கூட.

2022 நவம்பரில் சம்மதித்தார்கள். 20 பேர் கொண்ட சாசன ஆய்வுக் குழுவில் 17 பேர் ஆதரித்ததால், பழைய மன்றத்தின் ஒப்புதலே தேவைப்படாமல் திட்டம் நேராக வாக்காளரிடம் போனது. 15 பேர் ஆதரித்தாலே அந்த வழி திறந்துவிடும். தன் பதவிகளைக் கலைக்கும் திட்டத்தை எந்த மன்றம் தானாக முன்மொழியும்?

2025 ஜனவரி முதல் நடப்பது இது. நகரம் நான்கு தொகுதி, தொகுதிக்கு மூவர், ஆக 12 உறுப்பினர்கள். அவர்கள் சட்டம் இயற்றுவார்கள். துறை எதுவும் அவர்கள் கையில் இல்லை. இப்போது ‘மன்ற உறுப்பினர்’ என்று எழுதலாம், தயக்கமில்லை. வாக்காளர் 1, 2, 3 என்று ஆறு பேர்வரை வரிசைப்படுத்துவார். மாநிலங்களவைத் தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் போடும் ஒற்றை மாற்று வாக்கு முறையேதான். மூன்று இடம் என்பதால் செல்லுபடியான வாக்குகளை நான்கால் வகுத்து ஒன்று கூட்டினால் வெற்றிக்கான அளவு: 40,000 வாக்கு என்றால் 10,001. அந்த அளவைத் தாண்டியவரின் உபரி வாக்குகள் அடுத்த விருப்பங்களுக்குப் பிரிந்து போகும்; கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவர் வாக்குகளும் நகரும். இதை ‘விருப்பு வாக்கு’ என்று மொழிபெயர்த்தால் இலங்கை வாசகர் வேறொன்றை நினைப்பார். அங்கே அது கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளரைக் குறிப்பது. ‘வரிசைப்படுத்தும் வாக்கு’ என்பதே பாதுகாப்பு.

மேயர் இப்போது மன்றத்துக்கு வெளியே. இந்தப் புதிய முறையில் தேர்வான முதல் மேயர் கீத் வில்சன். வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது, மன்றத்தின் ஒப்புதலோடு நகர நிர்வாகியையும் போலீஸ் தலைவரையும் நியமிப்பது அவர் வேலை. வீட்டோ இன்னும் இல்லை. மன்றம் இரண்டாகப் பிளந்து சமநிலையில் நின்றால் சாதாரணச் சட்டங்களுக்கு முடிவு வாக்கு போடலாம். துறைகளை அன்றாடம் நடத்துவது நகர நிர்வாகி. நம் மாநகராட்சி ஆணையருக்கு உண்மையில் நிகரானவர் இவர்தான். வேறுபாடு ஒன்று: நம் ஆணையரை அனுப்புவது மாநில அரசு, இவரை நியமிப்பது நகரமே.

இங்கே ‘வலுவான மேயர்’, ‘வலுவற்ற மேயர்’ என்ற வழக்குகளையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆளின் குணத்தைப் பற்றிய பேச்சல்ல அது. சாசனம் கொடுத்த அதிகாரத்தின் வகை. துறைத் தலைவர் நியமனம், வரவுசெலவு, வீட்டோ மூன்றும் கையில் இருந்தால் வலுவானவர். ‘பலவீனமான மேயர்’ என்று எழுதினால் அவரைத் திட்டுவதாக ஆகிவிடும். ‘அதிகாரம் குறைந்த மேயர் முறை’ என்று முறையைச் சொல்லுங்கள். எந்த நகரமானாலும் எழுதும் முன் பார்க்க வேண்டியவை: அவரைத் தேர்ந்தெடுப்பது மக்களா மன்றமா, மன்றத்தில் வாக்கு உண்டா, வீட்டோ உண்டா, துறைத் தலைவரை யார் நியமிக்கிறார். முதல் கேள்வி நமக்கும் அந்நியமல்ல. சென்னை மேயரை 1996 முதல் சில தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2022இல் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் மாறவில்லை.

‘மாநகரத் தந்தை’யை விட்டுவிடலாம் என்பது என் முடிவு. போர்ட்லாண்டில் டோரதி மக்கலக் லீ 1949இலேயே மேயர். வேரா காட்ஸ் 1993 முதல் 12 ஆண்டுகள். சென்னையில் தாரா செரியன் 1957இல். பெண் மேயருக்கு ‘தந்தை’ என்று எழுதிவிட்டுச் சங்கடப்படுவதா, ‘தாய்’ என்று புதிதாகப் படைப்பதா என்ற கேள்வியே தேவையற்றது. மூலச்சொல்லில் தந்தையும் இல்லை.

மிஞ்சுவது ‘மாநகராட்சித் தலைவர்’. நல்ல தமிழ், மன்றக் கூட்டத்துக்கு மேயர் தலைமை ஏற்கும் நம்மூருக்குப் பொருத்தமும்கூட. 1913 முதல் 2024 வரையிலான போர்ட்லாண்டுக்கும் ஓரளவு ஒத்துவரும். அதற்குப் பின் ஒத்துவராது. இப்போது கூட்டத்தை நடத்துபவர் உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் மன்றத் தலைவர், மேயர் அல்லர். 2025 ஜனவரி 2 அன்று அந்தத் தேர்வே 6–6 என்று சிக்கி, ஒன்பதாவது சுற்றில்தான் எலானா பர்ட்டில்-கைனி வென்றார். அந்தச் செய்தியை எழுதும்போது மேயரையும் தலைவர் என்று வைத்திருந்தால் ஒரே பத்தியில் இரண்டு தலைவர்கள் மோதிக்கொள்வார்கள். மேயரை மேயர் என்றே விட்டு, ‘தலைவர்’ என்ற சொல்லை மன்றத் தலைவருக்கு ஒதுக்கிவிடுங்கள்.