குத்துச்சண்டை வீரர்களின் உயரம்: யார் அளந்தது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வரன் பார்க்கும்போது கைமாறும் ஜாதகக் குறிப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஊர், கோவில், பிரிவு, நட்சத்திரம் எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். கோவிலும் பிரிவும் ஒத்துப்போனால் பங்காளி முறையாகிவிடும், சம்பந்தம் பேச முடியாது. அதனால் நகரத்தார் வீடுகளில் அதைக் கேட்காமல் பேச்சு நகராது. அதற்கு இரண்டு வரி கீழே 'உயரம்: 5.9' என்று இருக்கும். அதை மட்டும் யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. அது 5 அடி 9 அங்குலமா, தசமக் கணக்கில் 5.9 அடியா என்றுகூடக் கேட்பதில்லை. முன்னது 175.3 செ.மீ., பின்னது 179.8 செ.மீ. ஒரு புள்ளியில் நாலரை செ.மீ. ஓடிவிடுகிறது.

குத்துச்சண்டை வீரர்களின் அதிகாரப்பூர்வ விவரங்களிலும் இதே நிலைமைதான். இங்கே கோவில், பிரிவு போல அங்கே கறாராகப் பார்க்கப்படுவது எடை மட்டும்தான்.

பெரிய போட்டிக்கு முன்னால் டிவியில் இரண்டு வீரர்களின் வயது, எடை, உயரம், கை நீளம் எல்லாவற்றையும் அருகருகே போடுவார்கள். எல்லா எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் வருவதால் எல்லாமே ஒரே மாதிரி அளக்கப்பட்டவை என்று தோன்றும். ஆனால் எடையை மட்டும்தான் போட்டிக்கு முந்தைய நாள் அதிகாரிகள் முன்னிலையில், சரிபார்த்த தராசில், கிட்டத்தட்ட உள்ளாடையோடு நிறுத்திப் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலில் டெவின் ஹேனியுடன் மோத வந்த ரயன் கார்சியா 140 பவுண்டு வரம்புக்கு 143.2 பவுண்டு இருந்தார். வித்தியாசம் ஒன்றரை கிலோகூட இல்லை. ஆனாலும் போட்டியில் ஜெயித்தாலும் பட்டம் அவருக்குக் கிடையாது என்று ஆகிவிட்டது.

உயரத்துக்கு அப்படி எந்த விதியும் இல்லை. உயரப் பிரிவு என்று ஒன்று கிடையாது, இரண்டு அங்குலம் கூடுதலாக எழுதியதற்காக யாரும் பட்டம் இழந்ததும் இல்லை. அதனால் வீரர் சொன்னதையோ, மேலாளர் சொன்னதையோ, போட்டி ஏற்பாட்டாளருக்கு விளம்பரத்தில் எது எடுப்பாக இருக்குமோ அதையோ எழுதிக்கொள்வார்கள். ஒருதடவை பதிவானால் வருஷக்கணக்கில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார்கள். பதினேழு வயதில் பதிவானவர் அதற்கப்புறம் வளர்ந்திருக்கலாம், பழைய எண் அப்படியே நிற்கும். இப்படிக் குறைவாக விழும் பிழையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பிழை கூடுதல் பக்கம்தான் சாயும். ஆண்களிடம் உயரம் கேட்டால் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே சொல்வார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. குத்துச்சண்டைக்காரர் மட்டும் விதிவிலக்காக இருப்பாரா என்ன?

மைக் டைசனை எடுத்துக்கொள்வோம். 1986இல் இருபது வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற காலத்தில் அவருக்கு 5 அடி 11½ அங்குலம் என்று போடுவார்கள். வேறு பட்டியல்களில் 5 அடி 10 அங்குலம்தான். கிட்டத்தட்ட 4 செ.மீ. வித்தியாசம். ரஷ்யாவின் நிக்கோலாய் வாலுயேவ் 7 அடி என்றும் 7 அடி 2 அங்குலம் என்றும் எழுதப்பட்டார். ஏழடி ஆளுக்கு எதற்கு இன்னும் இரண்டு அங்குலம் என்று நமக்குத் தோன்றலாம். டிக்கெட் விற்பவரின் கணக்கு வேறு.

எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. யாரும் பெரிதாகப் பொய் சொல்லாமலே ஐந்து செ.மீ. ஏறிவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

ஒருவர் சாயங்காலம் வெறுங்காலுடன் 175 செ.மீ. இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே காலையில் எழுந்ததும் 176.2 செ.மீ. இருப்பார். இது கற்பனை இல்லை, முதுகெலும்பின் வேலை. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று டாக்டர் சொல்வாரே, அந்த வட்டுகள் முதுகெலும்புகளுக்கு இடையே 23 இருக்கின்றன. முதுகுத்தண்டின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இவைதான். ஒவ்வொரு வட்டின் நடுவிலும் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கூழ் போன்ற பொருள் உண்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் எடை அதை அழுத்த, நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வட்டு தட்டையாகிறது. ராத்திரி படுத்ததும் சுமை குறைகிறது, கூழ் மறுபடி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இப்படி ஒவ்வொரு நாளும் 1 முதல் 2 செ.மீ. வரை போய் வருகிறது. இழப்பு நாள் முழுக்கச் சீராக நடப்பதில்லை, எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். எடை தூக்கினாலோ ஓடினாலோ இன்னும் வேகமாகக் குறையும். சுமையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் 3 சதவீதம் வரை உயர்ந்துவிடுகிறார்கள், தரைக்கு வந்ததும் பழையபடி ஆகிறார்கள்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். காலையில் 176.2. ஷூவோடு அளந்தால் இன்னொரு 2.5 சேர்ந்து 178.7 செ.மீ. அங்குலத்தில் இது 70.35, அதாவது 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்று மேலே. 'பதினொன்று என்றே போடுங்கள்' என்று மேலாளர் சொல்கிறார். 5 அடி 11 அங்குலம் என்பது 180.3 செ.மீ. அடுத்து யாரோ அதை மெட்ரிக்குக்கு மாற்றி '180 செ.மீ.' என்று எழுதுகிறார். செ.மீட்டரில் எழுதியதும் ஏதோ ஆய்வுக்கூடத்தில் அளந்தது போன்ற மதிப்பு வந்துவிடுகிறது. உண்மையில் அது தோராயமான அங்குலத்தைப் பெருக்கி எடுத்த எண்தான்.

அப்படியானால் போட்டோவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று பலர் முயல்கிறார்கள். இது அதைவிட மோசம். இரண்டு பேரும் 180 செ.மீ., கேமரா தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒருவர் மற்றவரைவிடக் கேமராவுக்கு வெறும் 15 செ.மீ. நெருங்கி நின்றால், படத்தில் அவர் தலை சுமார் 4 செ.மீ. உயர்ந்து தெரியும். கேமராவைத் தலை உயரத்துக்குக் கொண்டுபோனால் இந்தப் பிழை அநேகமாக மறைந்துவிடும். ஆனால் மேடைக்குக் கீழே உட்கார்ந்து மேல்நோக்கிப் படம் எடுப்பதுதான் வழக்கம். குத்துச்சண்டை மேடையில் வீரர் நிற்பதை வைத்தும் சொல்ல முடியாது. 90 செ.மீ. நீளமுள்ள கால்களை நடுவிலிருந்து பக்கத்துக்கு 35 செ.மீ. அகட்டி நின்றாலே, முழங்காலை மடக்காமலே, இடுப்பு 7 செ.மீ. இறங்கிவிடும். பித்தாகோரஸ் போதும் இதைக் கணக்கிட. அதன்மேல் முழங்கால் மடங்கும், முகவாய் நெஞ்சுக்குள் போகும்.

கை நீளம் என்று போடுவதும் சந்தேகத்துக்குரியதே. இரண்டு கைகளையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எடுப்பது வழக்கம், அதில் நடுவிலிருக்கும் தோள் அகலமும் சேர்ந்துவிடும். ஆறடியை ஒட்டிய சோனி லிஸ்டனுக்கு 84 அங்குலம் என்று போடுவார்கள். குத்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த எண் நேரடியாகச் சொல்லாது.

அளவு கறாராக வேண்டும் என்றால், அதைப் பொறுத்து ஏதாவது கிடைக்கவோ போகவோ வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும். அங்கே 'சுமார் 170' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அமைப்பும் 2019இல் ஷூ இல்லாமல் அளந்த உயரத்தைத்தான் அணிகள் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதன்பின் சில நட்சத்திரங்கள் ஒரே வாரத்தில் 'குள்ளமானார்கள்'. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி உத்தரவு போடப் பொதுவான ஒரே அமைப்புகூட இல்லை. பட்டம் தரும் பெரிய சங்கங்களே நான்கு.

ஆய்வுக்கூடத்தில் செய்வதை ஓரளவு வீட்டிலேயே செய்யலாம். அடியில் ஸ்கர்ட்டிங் பட்டை துருத்திக்கொண்டு நிற்காத சுவராகப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய செட்டிநாட்டு வீடுகளில் தரை அங்கங்கே ஏறி இறங்கியிருக்கும், ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிற்பது நல்லது. வெறுங்கால், குதிகால் சுவரை ஒட்டி, பார்வை நேராக. கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் ஓரமும் ஒரே கிடைமட்டத்தில் வர வேண்டும், தலையை அண்ணாந்தாலோ குனிந்தாலோ அளவு மாறும். தலைமேல் புத்தகம் வைப்பதைவிட ஆசாரியின் மூலைமட்டத்தைச் சுவரோடு ஒட்டி இறக்குவது மேல், சரியாமல் நிற்கும். நன்றாகச் செய்தாலும் அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு அளவுகள் சில மில்லிமீட்டர் வேறுபடும்.

இனி போட்டி விவரங்களைப் பார்க்கும்போது ஒரு கணக்கு உதவும். ஒவ்வொரு எண்ணிலும் 5 செ.மீ. வரை கூடுதல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் ரியாத்தில் மோதிய டைசன் ஃப்யூரிக்கு 206 செ.மீ., ஒலெக்சாண்டர் உசிக்குக்கு 191 செ.மீ. என்று இருந்தது. ஃப்யூரிக்கு மட்டும் ஐந்தைக் கழித்தாலும் பத்து மிச்சம், யார் உயரம் என்பதில் சந்தேகம் வராது. ஆனால் ஒருவருக்கு 178, இன்னொருவருக்கு 180 என்று போட்டு, வர்ணனையாளர் 'உயரத்தில் இவருக்குச் சாதகம்' என்று ஆரம்பித்தால், அந்த இரண்டு செ.மீ. ஷூவில் இருக்கலாம், அங்குலத்தை முழுசாக்கியதில் இருக்கலாம், காலை எட்டு மணிக்கு அளந்ததிலும் இருக்கலாம்.