கடற்பாசிப் பண்ணைக்குக் கயிறு கட்டுமுன்

கடல் எல்லோருக்கும் பொது, அதில் நாலு கயிறு கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம், நீரியல் வளம் என்பதற்குள் மீனோடு கடற்பாசியையும் சேர்த்திருக்கிறது. குறித்துரைக்கப்பட்ட, அதாவது ஒழுங்குவிதிகளில் பெயர் சொல்லப்பட்ட, நீருயிரின வளர்ப்பை உத்தரவுப்பத்திரம் (அனுமதிப்பத்திரம்) இல்லாமல் நடத்த அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

முதலில் போக வேண்டியது நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு. அங்கே மட்டும் வேலை முடிந்துவிடாது. வற்று நீர்மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும், உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் கரையோர வலயம். யாழ்ப்பாணத்தில் கயிறு கட்டத் தோதான ஆழங்குறைந்த இடங்கள் அநேகமாக இதற்குள்தான் வரும். ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 இல் தேசியப் பூங்காக்களாகின. அந்தப் பக்கம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அதிகாரம்.

இங்கே வளர்க்கப்படுவது பெரும்பாலும் கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்களுக்குரிய இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்க உதவுகிறது. சிறு துண்டைக் கயிற்றில் கட்டினால் ஏறக்குறைய 45 நாட்களில் அறுவடை. லாபமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன: உடைந்து போகும் துண்டும் தனியாக வளரக்கூடியது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவில், அருகிலிருந்த வளர்ப்பிடங்களிலிருந்து வந்த இந்தப் பாசி முருகைக் கற்களின் (பவளப் பாறைகளின்) மேல் படர்ந்து மூடியதை 2008 இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மன்னார் வளைகுடா நமக்கு அந்நியக் கடல் அல்ல, யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சுற்றியும் முருகைக் கற்கள் உண்டு. அவற்றின் அருகே பண்ணை போட அதிகாரி கையெழுத்து வைத்தாலும் போடக்கூடாது என்பது என் கருத்து.

காலநிலையைப் பொறுத்தவரை, எந்த உத்தரவுப்பத்திரமும் வெயிலை நிறுத்தாது. நீர் அதிகம் சூடானாலும், வாடைக்கால மழையில் களப்பின் உப்புத்தன்மை திடீரென இறங்கினாலும் பாசி தளரும். கிளைகள் வெளுத்து, மெழுகுபோல் மெலிந்து, முறிந்து விழும். பிறகு பாக்டீரியா தொற்றும். நோய் கண்ட கயிற்றிலிருந்து அடுத்த நடுகைக்குத் துண்டு எடுப்பது வீண் வேலை. நீரோட்டம் இல்லாத மூலைகளில் வெப்பம் தேங்கும் என்பதால், கரைக்குக் கிட்ட இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓரிடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். ஓரா மீன் மேய்வது வேறு கதை. அதற்கு வலை கட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று, கடற்புல் தரை. தடி ஊன்றவும் நடக்கவும் வசதி என்று அதைச் சுத்தம் செய்துவிட்டால் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் ஒதுங்க இடமில்லை. கடற்பசு மேய்வதும் அந்தப் புல்லைத்தான். சிறுவலைக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் இடையே மனக்கசப்பு முளைக்கும் இடமும் இதுவே. விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வரைபடத்தை விரித்துப் பேசுங்கள். வள்ளம் ஓடும் பாதையை அதில் குறியுங்கள்.

பண்ணை போடாதவருக்கும் உரிமை உண்டு. உங்கள் கரையில் யாருக்கு, எவ்வளவு பரப்புக்கு, என்ன நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அனுமதி கொடுத்த நிறுவனத்தின் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.